ஒரே இழையில் இருவர்

“செல்கள் பெருகவே மாட்டேங்குது சார்” என்றாள் தவச்செல்வி.

மலைமேல் இருந்த அந்த ஆய்வுக்கூடத்துக்கு அவள் வந்து எட்டு மாதம். வயது நாற்பத்தேழு. அங்கே அவளுக்குக் கற்றுக்கொடுக்கும் குரு அவளைவிட இளையவர். ஆனாலும் குரு குருதான்.

“என்ன செஞ்சீங்கம்மா?”

“ஒரு ஜீனை வெட்டி எடுத்து, மறுபடி அதே இடத்துல ஒட்டினேன். ஒரு எழுத்துகூடப் பிசகலை. நாலு தடவை பார்த்துட்டேன்.”

“செல் புரதம் செய்ய அடிக்கடி வாசிக்கிற ஜீனா?”

“ஓயாம வாசிக்கிறது.”

செல்கள் வளர வேண்டிய கண்ணாடித் தட்டைக் குரு வெளிச்சத்தில் பிடித்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள்.

“சனிக்கிழமைக்குள்ள வளரலைன்னா என்னை அனுப்பிடுவாங்க. ஊர்ல பூட்டின வீடுதான் இருக்கு. சாவியை யார்கிட்டயும் போய்க் கேட்க வேண்டியதில்லை. என்கிட்டயேதான் இருக்கு.”

குரு தட்டைக் கீழே வைத்தார்.

“டி.என்.ஏ. இழை ஒண்ணுதான். செல் ரெண்டாகுறதுக்கு முன்னாடி, முழுசையும் நகல் எடுக்க ஒருத்தர் அது மேல போறார்னு வச்சுக்குங்க. ஜீனை வாசிக்கிறவங்களும் அதே இழை மேலதான் போறாங்க. எப்படி முட்டிக்காம போறாங்க?”

“அது தெரிஞ்சா உங்க முன்னாடி ஏன் வந்து நிக்கிறேன்?”

குரு சிரித்தார். கழுவ வேண்டிய குடுவைகளை ஒரு கூடையில் அடுக்கித் தூக்கிக்கொண்டார். இரண்டு அலமாரிகளுக்கு நடுவே ஓர் ஆள் போகும் வழி. அதன் கோடியில் கழுவும் தொட்டி.

“தொட்டிகிட்ட போய், அங்கிருந்து என்னைப் பார்த்து நடந்து வாங்க.”

நடுவழியில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

“வழி விடுங்க சார்.”

“நீங்க விடுங்க.”

“எங்கே விட? அலமாரிக்குள்ள புகுந்துக்கவா?”

“எனக்கும் அதே கஷ்டம்தான்.”

குடுவைகள் கிணுகிணுத்தன. கூடை ஒரு பக்கம் சாய்ந்தது.

“விழுந்துடும் சார்!”

“விழும்.”

அவள் சட்டென்று திரும்பினாள். தொட்டியை நோக்கி நடந்தாள். முழங்கால் வலி. மெதுவாகத்தான் முடிந்தது.

பின்னால் குடுவைகளின் சத்தமும் மெதுவாக வந்தது.

நின்றாள்.

சத்தமும் நின்றது.

தனக்காக ஒருவர் பின்னால் நின்று எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்கு நினைவில்லை.

“சார்… அதே இடத்துலதான் ஒட்டினேன். ஆனா தலைப் பக்கத்தை வால் பக்கமா ஒட்டிட்டேன். வாசிக்கிறவங்க எல்லாம் நகல் எடுக்குறவருக்கு எதிர்ல வர்றாங்க. அவர் போக முடியலை, செல்லும் ரெண்டாகலை.”

“நடங்கம்மா. நான் பின்னாலதான் வர்றேன்.”

தொட்டி இரண்டடி தூரத்தில் இருந்தது. அதை எட்டியதும் கூடையை இறக்கிவிட்டு அவர் திரும்பிவிடுவார்.

அவள் நடக்கவில்லை.