கொக்குத்திட்டைக் காத்த மூவர்

கோணக்கரை நாட்டுக்கும் நேர்க்கரை நாட்டுக்கும் நடுவே கடலில் ஒரு பாறை கிடந்தது. பெயர் கொக்குத்திட்டு. பத்துப் பேர் நெருக்கி உட்கார்ந்தால் அடுத்த ஆள் நீந்த வேண்டியதுதான். தேர்தல் வரும்வரை கொக்குகளைத் தவிர வேறு யாரும் அதைச் சட்டை செய்ததில்லை.

கோணக்கரைத் துறைமுகத்தில் தாண்டவமூர்த்தி என்று ஒருவர் இருந்தார். உல்லாசக் கப்பல் வந்து நிற்கும்போதெல்லாம் அவரும் அவருடைய சகாக்கள் ஏகாம்பரமும் சிங்காரமும் மேளம் தட்டிப் பயணிகளை வரவேற்பார்கள். இறங்கிய பயணிகள் நேராகத் தாண்டவமூர்த்தியின் மனைவி கமலவேணியின் கடைக்குப் போய்ப் போளி தின்பார்கள். அந்த ஊரே கப்பலை நம்பித்தான் உலை வைத்தது.

தேர்தல் நெருங்கியதும் திட்டு எங்களுடையது என்றது நேர்க்கரை. கோணக்கரையின் துறைமுக அமைச்சர் பூவராகன் மேடையேறி மைக்கைப் பிடித்தார். "உயிரே போனாலும் திட்டைக் கைவிட மாட்டோம். ஓர் அங்குலம்கூட விட்டுத்தர மாட்டோம்" என்றார். கைதட்டல் அடங்குவதற்குள், மேடையடியில் மேளத்தோடு நின்ற மூவரையும் தீவுக் காவல் படையாக நியமித்துவிட்டார். ஆளுக்கொரு தொப்பியும், மூவருக்கும் பொதுவாக ஓர் இஞ்சு டேப்பும் கிடைத்தன.

"நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும், தாண்டவமூர்த்தி."

"ஒரு சொல்கூட மாறாதுங்க ஐயா."

மாறவில்லை. திட்டில் இறங்கிய சற்று நேரத்தில் ஏகாம்பரம் முதுகு சொறிய, பாறையில் ஊன்றியிருந்த கையைத் தூக்கினார்.

"கையை எடுக்காதே. கைவிடக் கூடாதுன்னு அமைச்சர் சொல்லியிருக்கார்" என்றார் தாண்டவமூர்த்தி.

"ரெண்டு கையுமா, ஒரு கை போதுமாண்ணே?"

தாண்டவமூர்த்தி யோசித்தார். ஒரு கை என்றால் பாதி கைவிட்டதாக எதிர்க்கட்சி பேசும். ஆகவே முறை வைத்துக்கொண்டு, ஓர் ஆள் இரண்டு உள்ளங்கையையும் பாறையில் பதித்துக் குனிந்திருப்பது, மற்ற இருவர் அவருக்குச் சோறு ஊட்டுவது, முதுகும் சொறிவது என்று முடிவாயிற்று.

காலையில் டேப்பை எடுத்துத் திட்டை அளந்தார்கள். மத்தியானம் மறுபடி அளந்தபோது சிங்காரத்துக்கு முகம் வெளுத்துப் போயிற்று.

"அண்ணே, மேற்குப் பக்கம் அரை முழம் காணோம்."

"யார் வந்தது?"

"யாரும் வரலை. தண்ணிதான் வந்துச்சு."

"எந்தப் பக்கமிருந்து?"

"நேர்க்கரைப் பக்கமிருந்து."

தாண்டவமூர்த்தி அமைச்சருக்குப் போன் போட்டார். எதிர்க்கட்சி அமைச்சரைப் பதவி விலகச் சொல்லி ஊர்வலம் போயிற்று. எதிரி தண்ணீர் வேடத்தில் வந்து மண்ணைத் திருடுகிறான் என்று சட்டமன்றத்தில் முழங்கினார் பூவராகன். சாயங்காலம் தண்ணீர் இறங்கி, போன அரை முழமும் திரும்பி வந்தது. மீட்டுவிட்டோம் என்று ஆளுங்கட்சி வெடி போட்டது. அதற்குப் பிறகு கடல் ஏறினால் எதிர்க்கட்சி ஊர்வலம், இறங்கினால் ஆளுங்கட்சி ஊர்வலம் என்று தினமும் நடந்தது. இது கடலுக்கு வழக்கம்தானே என்று வாய்விட்டுச் சொன்ன ஒரு மீன்காரியைத் தேசத்துரோகி என்று சந்தையிலிருந்து விரட்டினார்கள். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு கட்சியும் ஒற்றுமையாக இருந்தன.

இதற்கிடையில் வம்பு கப்பலுக்கு வந்தது. கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தார்கள். அதில் திட்டு நேர்க்கரையின் மஞ்சள் நிறத்தில் இருந்ததால் கோணக்கரை கப்பலுக்குத் தடை போட்டது. கேப்டன் கோணக்கரையின் பச்சையை அடித்தார். நேர்க்கரை தடை போட்டது. நிறமே வேண்டாம் என்று சுரண்டிவிட்டார். இரண்டு நாடும் தடை போட்டன. கப்பல் எந்தக் கரையிலும் ஒதுங்காமல் நடுக்கடலோடு போகத் தொடங்கியது. சண்டைக்குரிய பாறை என்று பெயர் பரவிவிட்டதால், பயணிகள் படம் எடுத்துக்கொள்ளத் திட்டுக்குப் பக்கத்தில் மட்டும் சற்று நின்று போகும்.

கமலவேணி போன் செய்தாள்.

"போளி ஊசிப்போய்க் கொட்டியாச்சு. அடுப்புப் பத்தவைக்கலை. நீங்க பாறையைப் பிடிச்சுக்கிட்டு இருங்க."

அவள் கோபித்திருந்தால்கூடத் தேவலை; அமைதியாகச் சொன்னதுதான் தாண்டவமூர்த்தியை என்னவோ செய்தது. உடனே அமைச்சரைக் கூப்பிட்டார். கடைக்காரர்களின் ஓட்டு நழுவுவது அவருக்கும் அன்றுதான் உறைத்திருந்தது.

"எப்படியாவது கப்பலை இழுத்துக்கிட்டு வாங்க. ஆனா திட்டையும் விட்டுடக் கூடாது."

மூவரும் கூடிப் பேசினார்கள்.

"இழுக்கணும்னா கயிறு வேணும்ணே."

"கயிறு இருக்கு. கப்பல் சம்மதிக்குமா?"

"மாட்டைக் கேட்டுட்டா இழுக்கிறோம்?"

அது நியாயமாகப் பட்டது. மறுமுறை கப்பல் வந்து நின்றபோது சிங்காரம் நீந்திப் போய் அதன் ஏணியில் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தார். மறுமுனையைக் கட்டப் பாறையில் பிடிப்பில்லை. ஆகவே பாறையில் கை பதித்துக் குனிந்திருந்த தாண்டவமூர்த்தியின் இடுப்பில் கட்டி, மற்ற இருவரும் அவர் காலைப் பிடித்துக்கொண்டார்கள்.

கப்பல் கிளம்பியது.

"அசையுதுண்ணே, வந்துடும்" என்றார் ஏகாம்பரம் திருப்தியாக.

அடுத்த நொடி மூவர் வாயிலும் உப்புத் தண்ணீர். சிங்காரம்தான் முதலில் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணே, திட்டு ஓடுது."

"எந்தப் பக்கம்?"

"பின்பக்கம்."

மாலுமிகள் மூவரையும் மேலே தூக்கிப் போட்டார்கள். இவர்களை எங்கே இறக்குவது என்று கேப்டன் இரண்டு நாட்டையும் கேட்டார். திட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நுழைவு முத்திரை குத்தினால், திட்டு அயல்நாடு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று இரண்டு நாடும் ஒரே மாதிரி பதில் சொல்லிவிட்டன. வேறு வழியில்லாமல் கேப்டன் மூவருக்கும் ஓர் அறையும் துண்டும் கொடுத்தார். கோணக்கரை விளக்குகள் தூரத்தில் நழுவிப் போவதைப் பார்த்தபடி தாண்டவமூர்த்தி ராத்திரிச் சாப்பாட்டைத் தொடாமலே வைத்துவிட்டார்.

மறுநாள் மனசு ஆறட்டும் என்று சகாக்கள் அவரை மேல்தளத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே நீச்சல் குளம். குளத்தின் நடுவில் சின்னதாக ஒரு செயற்கைப் பாறை, அதன்மேல் பிளாஸ்டிக் தென்னை. பழரசம் கொண்டுவந்த கோணக்கரைப் பையனைத் தாண்டவமூர்த்தி மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, அது யாருக்குச் சொந்தம்?"

"யாருக்கும் இல்லைங்க. சும்மா அழகுக்கு வெச்சிருக்கு."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சட்டையைக் கழற்றிக் குளத்தில் இறங்கி, அந்தப் பாறையில் உள்ளங்கையைப் பதித்தார்கள்.

அன்று சாயங்காலம் கப்பலின் வலப்பக்கத்து அறைக்காரர்கள், இடப்பக்கத்து அறைக்காரர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட மறுத்துவிட்டார்கள்.