தாழ்ப்பாள் சத்தம்

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கல் நகர்கிற சத்தம் கேட்டது.

கர்ர்... சற்று நின்று, மறுபடியும் கர்ர்.

பனிமலரின் கையில் உருண்டுகொண்டிருந்த ஜெபமாலை நின்றது. வாசல் கதவுக்கு அணையாக அவள் வைத்திருந்த அம்மிக்குழவி, சிமெண்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. வெளியே யாரோ கதவைத் தள்ளுகிறார்கள்.

கணவன் ஸ்டானிஸ் உப்பு லாரியோடு போய் பதினோரு நாள் ஆகிறது. வீட்டில் அவளும், சேலைத் தொட்டிலில் கிடக்கிற நாலு மாதப் பிள்ளை அமலியும்தான். அடுப்படிக்கு ஓடினாள். கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வந்து தொட்டிலுக்கு முன்னால் நின்றாள்.

கதவிடுக்கில் முதலில் நனைந்த குடை ஒன்று நுழைந்தது. அதன் பின்னால் வெள்ளை முக்காடு.

"தோசைக் கரண்டியா? என்னைப் புரட்டிப் போடவா போற?"

கொன்சாகா சிஸ்டர். எட்டு வயதில் பனிமலரை மடத்து போர்டிங்கில் கொண்டுவந்து விட்டபோது, அழுதவளுக்குத் தலை பின்னிவிட்டவர். ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர். இன்றும் அதே மடத்தில், இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்.

"எத்தனை தடவை கூப்பிடுறது? மழைச் சத்தத்துல கேக்கலையா? ரெண்டு வாரமா தெரு அன்பியக் கூட்டத்து ஜெபத்துக்கு நீ வரலைன்னாங்க. எட்டிப் பார்த்துட்டுப் போவோம்னு வந்தா, குழவிக்கல்லு காவலுக்கு நிக்குது."

பனிமலருக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

சிஸ்டர் குடையை மூலையில் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவள் அழுது முடிக்கிறவரை தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"தூங்கி எத்தனை நாளாச்சு?"

"பதினோரு நாள் சிஸ்டர். மழையில கதவு ஊதிப் போச்சு. தாழ்ப்பாள் ஓட்டைக்கு நேரா வரமாட்டேங்குது. அவர் இருந்தா தோளால இடிச்சுப் போட்டுருவார். என்னால முடியல."

"ஆளை வெச்சுச் சரி பண்ண வேண்டியதுதானே?"

பனிமலர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேக்க வெக்கமா இருந்துச்சு. ஆண்டவர் காப்பாத்துவார்னு சொல்லிட்டு, தாழ்ப்பாளுக்கு ஆசாரியைத் தேடினா? பகல்ல தைரியமா இருப்பேன். பொழுது சாஞ்சா முடியல. விடிய விடிய ஜெபமாலை சொல்லிக்கிட்டு இந்தக் கதவையே பார்த்துக்கிட்டு இருப்பேன்."

"பிள்ளை?"

பனிமலர் தொட்டிலைப் பார்த்தாள்.

"நேத்துக் காலையில கால்ல போட்டுக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேன். கண்ணு சொருகிட்டுது. முழிச்சுப் பார்த்தா, மடியில பிள்ளை இல்ல. கால்ல இருந்து வழுக்கித் தரையில குப்புறக் கிடக்கு. அழவே இல்ல சிஸ்டர். ஒரு நிமிஷம் அழவே இல்ல..."

சிஸ்டரின் கை தொட்டில் சேலையை இறுக்கிப் பிடித்தது.

"பயப்படாதேன்னு போர்டுல எழுதிப் போட்டு நூறு தடவை எங்களை எழுதச் சொல்வீங்க. எழுதினேனே. இப்ப பயந்து சாகுறேன். அப்ப எனக்கு விசுவாசமே இல்லையா?"

சிஸ்டர் எழுந்தார். பதில் சொல்லத்தான் எழுந்தார் என்று பனிமலர் நினைத்தாள். அவரோ சுவரில் மாதா சுரூபம் இருந்த தட்டுக்குப் போய், சுரூபத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்ததைப் பிடித்து இழுத்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றிய நீளப் பொட்டலம் ஒன்று வந்தது.

"இது என்ன?"

"மந்திரிச்ச மெழுகுதிரி. மெழுகுதிரித் திருநாளைக்குக் கோயில்ல வாங்கினது."

"திரி கருகவே இல்லையே. போன வாரம் புயலன்னைக்கு ராத்திரி பூரா கரண்டு இல்லையே, ஏத்தலையா?"

"கரண்டு போனதுக்கெல்லாம் ஏத்தலாமா? பெரிய ஆபத்து வந்தா ஏத்தணும்னு வெச்சிருக்கேன்."

"சரி. அன்னைக்கு வெளிச்சத்துக்கு என்ன செஞ்ச?"

"செல்போன்ல லைட்டுப் போட்டேன். அதுவும் அணைஞ்சு போச்சு."

"அப்புறம்?"

"இருட்டுலேயே உக்காந்திருந்தேன்."

சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். தொட்டிலில் பிள்ளை நெளிந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டே கதவருகே போனார். மெழுகுதிரியை இரண்டாக ஒடித்தார். ஒரு துண்டைக் கதவின் ஓரத்தில் வைத்து மேலிருந்து கீழாக அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார்.

"சிஸ்டர்! அது மந்திரிச்சது!"

"தெரியும்ட்டி. நல்ல மெழுகு. நீ அந்தத் துண்டை எடுத்து நிலையில தேய்."

பனிமலர் கண்ணைத் துடைத்துவிட்டு எடுத்தாள். முதலில் ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு தேய்த்தாள். மெழுகு வாசனை கிளம்பியது. விடியற்காலைப் பூசைக்கு வரிசையாகப் போன காலத்து வாசனை. அரைத் தூக்கத்தில் முன்னால் போகிறவளின் பாவாடையைப் பிடித்துக்கொண்டே நடந்த காலம்.

"ஞானோபதேசத்துல ஒரு கேள்வி," என்றார் சிஸ்டர், தேய்ப்பதை நிறுத்தாமல். "ஆண்டவர் உயிர்த்த அன்னைக்குச் சாயங்காலம் அவரோட அப்போஸ்தலர்மார் எங்க இருந்தாங்க?"

பனிமலரின் முதுகு தானாக நிமிர்ந்தது. "வீட்டுக்குள்ள."

"கதவு?"

"பூட்டியிருந்துச்சு."

"ஏன்?"

"பயந்து போய்..."

அவள் கை மெழுகோடு நிலையில் நின்றது. சிஸ்டர் தாழ்ப்பாள் கம்பிக்கு மெழுகு தடவினார். கைப்பிடியைப் பிடித்துக் கதவைத் தூக்கி, தோளைக் கொடுத்து, கம்பியைத் தள்ளிப் பார்த்தார். முக்கால் வரை போய் நின்றது. கீழ் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் தேய்த்தார். இந்த முறை முழுசும் போயிற்று. மறுபடி இழுத்துத் திறந்துவிட்டார்.

"இன்னைக்கு இங்கேயே படுத்துக்கோங்க சிஸ்டர். ஒரு நாள் மட்டும்."

"ஒன்பது மணிக்கு நான் அங்க தாழ்ப்பாள் போடணுமே. முப்பத்தாறு பிள்ளைங்க கட்டில்ல முழிச்சுக் கிடக்கும்."

"இன்னும் நீங்கதான் போடுறீங்களா?" பனிமலரின் குரல் இளகிவிட்டது. "அந்தப் பெரிய இரும்புத் தாழ்ப்பாள்! கடகடன்னு இழுத்து, டங்குன்னு விழும். அது வரைக்கும் எங்களுக்குத் தூக்கமே வராது சிஸ்டர். விழுந்ததும் அந்த செகண்டுலயே தூங்கிருவோம். பேய்க்கதை சொல்லிக்கிட்டிருந்தவகூடப் பாதியில விட்டுட்டுத் தூங்கிருவா. இந்தப் பதினோரு நாளும் அதைத்தான் நெனச்சுக்கிட்டுக் கிடந்தேன். கொன்சாகா சிஸ்டருக்கு எவ்வளவு விசுவாசம், எதுக்கும் பயமில்லைன்னு."

சிஸ்டர் குடையை எடுத்தார். வாசலுக்கு வெளியே இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அப்ப எனக்கு என்ன வயசு தெரியுமா?"

"தெரியாது சிஸ்டர்."

"இருபத்து நாலு. உன் வயசு. கதவுக்கு வெளியே உடைமரக் காடு. உள்ளே நீங்க நாப்பது பேர். வாட்ச்மேன் கிடையாது."

குடையை விரித்தார்.

"கை நடுங்கும்ட்டி. அதனாலதான் அவ்வளவு சத்தம்."

பனிமலர் வாசலில் நின்று அவரையே பார்த்தாள்.

சிஸ்டர் நகரவில்லை. தூறலில் அப்படியே நின்றார்.

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். குழவியைக் காலால் ஒதுக்கினாள். கைப்பிடியைத் தூக்கி, தோளைக் கொடுத்து, கம்பியைப் பிடித்தாள். கை நடுங்கியது. கம்பி கடகடவென்று ஆடிக்கொண்டே நகர்ந்தது.

டங்.

தொட்டிலில் அமலி ஒரு பெருமூச்சு விட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தூங்கினாள். அதன் பிறகுதான் வெளியே செருப்புச் சத்தம் நகர்ந்து போயிற்று.