எள்ளுருண்டை தின்ற உடும்பு

முன்னொரு காலத்தில், மலையோடு மலை பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஏழுமடை என்று ஒரு சீமை இருந்தது. மூன்று பக்கமும் மலை. நாலாவது பக்கம் ஒரே ஒரு கணவாய். மண்ணோ பொன்னான மண். எள் விதைத்தால் எள் குவியும், நெல் விதைத்தால் நெல் குவியும், கொள்ளு விதைத்தால் கொள்ளு குவியும். அப்படியிருந்தும் அந்தச் சீமையில் மாற்றுப் புடவை உள்ள வீடு ஒன்றுகூட இல்லை. கைப்பிடி உப்புக்கும் அடுத்தவர் தயவை எதிர்பார்த்தார்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். கணவாய்க்கு மேலே ஒரு குகை. அதில் கோரக்கண்டன் என்று ஒரு மந்திரவாதி. ஏழுமடையைத் தனக்கே கொடுத்துவிட வேண்டும் என்று அவன் அரசி நித்திலவல்லியைக் கேட்டான். உழுகிறவர்கள் இருக்கும்போது உனக்கு எதற்கு நிலம் என்று அரசி மறுத்துவிட்டாள். அந்தக் கோபத்தில் அவன் கணவாயின் நடுவே நின்று, "விளைந்தது விளைந்தபடி இந்த வழியைத் தாண்டாது" என்று மந்திரக் கட்டுப் போட்டான். கட்டுக்குக் காவலாக, காளை மாடு அளவு ஓர் உடும்பை நிறுத்திவைத்தான்.

யார் மூட்டையோடு வந்தாலும் உடும்பு வழியை மறிக்கும். மூன்று முறை மோப்பம் பிடிக்கும். பிறகு கேட்கும்:

"எள்ளா, நெல்லா, கொள்ளா? உள்ளதைச் சொல்லிவிட்டு நில்."

சொன்னதும் மூட்டையின் மேல் ஓர் ஊது ஊதும். மூட்டைக்குள் இருந்ததெல்லாம் மணலாகிவிடும்.

பன்னிரண்டு ஆண்டுகள் இப்படியே போயின. அரசி மனம் பொறுக்காமல் ஆண்டுதோறும் உப்பும் துணியும் அனுப்பினாள். உள்ளே வரும் வண்டியை உடும்பு தடுப்பதில்லை. திரும்பும் வண்டி வெறும் வண்டியாகத்தான் போக வேண்டும். தின்றது போக மிஞ்சிய தானியம் குதிரில் புழுத்தது, களத்தில் முளைத்தது. எதற்கு விதைக்க வேண்டும் என்று பலபேர் பாதி நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டார்கள். இன்னும் பலபேர் சீமையைவிட்டே போய்விடலாமா என்று பேசத் தொடங்கினார்கள்.

அந்த ஏழுமடையில் மருதாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் சடையன், தச்சு வேலைக்காரன். அவர்களுக்கு ஓர் எள்ளுக்காடு. அந்த ஆண்டு எள் அமோகமாக விளைந்தது. அறுத்துக் குவித்த எட்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. இருந்த குதிரெல்லாம் போன ஆண்டு எள்ளால் நிறைந்திருந்ததால் புது எள்ளை வைக்க இடமில்லை. அது நனைந்து, பூஞ்சை பூத்து, நாற்றமெடுத்தது. மருதாயி அதை வாரி எருக்குழியில் கொட்டினாள். கொட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அழுதுகொண்டே மந்திரவாதியின் வார்த்தையை நினைத்துப் பார்த்தாள். விளைந்தது விளைந்தபடி தாண்டாது. விளைந்தபடி என்றுதானே சொன்னான்? வேறுபடியாகிவிட்டால்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவன், அரசியிடம் போய்வா என்றான். மறுநாள் காலையில் அவள் வெறுங்கையோடு கணவாயைத் தாண்டி, மூன்று நாள் நடந்து, அரசியின் முன்னே போய் நின்றாள்.

அவள் ஏழுமடைக்காரி என்று தெரிந்ததும் அரசி ஆசனத்தைவிட்டு இறங்கி வந்தாள். இந்த ஆண்டு இன்னும் பத்து வண்டி உப்பும் துணியும் அனுப்பச் சொல்கிறேன் என்றாள்.

மருதாயி கைகூப்பினாள். "நீங்கள் அனுப்பிய துணியைத்தான் தாயே உடுத்தியிருக்கிறேன். உங்களை நினைக்காத நாளில்லை. ஆனால் இந்த முறை துணி வேண்டாம். ஒரு செக்கு செய்ய வாகை மரமும், அவல் இடிக்க நாலு உலக்கையும், அந்த வேலை தெரிந்த ஒருவரும் கொடுங்கள். நாங்கள் விளைவிக்கத் தெரிந்தவர்கள். ஆட்டவும் இடிக்கவும் எங்களுக்குத் தெரியாது."

அரசி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு ஆண்டுகளாக, உங்களுக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்காமல் போனேனே என்று மெல்லச் சொன்னாள். அன்றைக்கே அரண்மனைத் தோப்பில் மிகப் பெரிய வாகை மரம் ஒன்று வெட்டப்பட்டது. செக்காட்டத் தெரிந்த உலகம்மாள் என்ற பெண்மணியும் வண்டியேறினாள்.

சடையன் இரவு பகல் பாராமல் செக்கைச் செதுக்கினான். உலகம்மாள் எள்ளைக் காயவைக்கும் பதம் சொன்னாள், மாட்டை நடத்தும் விதம் சொன்னாள். ஒரு மாதத்தில் ஏழுமடையின் முதல் எண்ணெய் வடிந்தது. ஊரே வந்து விரலால் தொட்டு நக்கிப் பார்த்தது.

மருதாயி எண்ணெய்க் குடங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு கணவாய்க்குப் போனாள். உடும்பு மறித்தது. மூன்று முறை மோந்தது.

"எள்ளா, நெல்லா, கொள்ளா? உள்ளதைச் சொல்லிவிட்டு நில்."

"எள் இல்லை, நெல் இல்லை, கொள்ளும் இல்லை. எண்ணெய் இருக்கிறது, உடும்பாரே."

உடும்பு ஊதியது. எண்ணெய் எண்ணெயாகவே இருந்தது. அதற்கு ஒன்றும் புரியவில்லை. மருதாயி வண்டியை ஓட்டப் போனவள், அதன் முதுகைப் பார்த்தாள். வெயிலில் காய்ந்து, வெடித்து, வெடிப்பில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவள் இறங்கி வந்து, ஒரு கை எண்ணெய் எடுத்து அதன் முதுகெல்லாம் தடவிவிட்டாள். பன்னிரண்டு ஆண்டுகளில் அதைத் தொட்ட முதல் கை அது. உடும்பு கண்ணை மூடிக்கொண்டது.

வண்டி உப்போடும் துணியோடும் திரும்பியது. அந்த உப்பு தானமாக வந்த உப்பு இல்லை. எண்ணெய்க்கு ஈடாக வந்த உப்பு. அன்று சில வீடுகளில் அதை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு அழுதார்கள்.

இரண்டாம் முறை அவள் அவல் மூட்டையோடு போனாள்.

"எள்ளா, நெல்லா, கொள்ளா? உள்ளதைச் சொல்லிவிட்டு நில்."

"எள் இல்லை, நெல் இல்லை, கொள்ளும் இல்லை. அவல் இருக்கிறது."

உடும்பு ஊதியது. அவல் அவலாகவே இருந்தது. மருதாயி ஒரு பிடி அவலை நீட்டினாள். உடும்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பசி இல்லையா?" என்று கேட்டாள்.

"பன்னிரண்டு ஆண்டாகக் காற்றைத்தான் தின்கிறேன். உங்கள் மண்ணின் பருக்கை ஒன்று என் வாயில் பட்டால் நான் செத்துவிடுவேன் என்று கோரக்கண்டன் சொல்லியிருக்கிறான்."

அவளுக்கு மனசு தாங்கவில்லை. தின்ன முடியாதவன் முன்னால் உணவை நீட்டிவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்டாள். முதுகுக்கு மட்டும் மறுபடி எண்ணெய் தடவிவிட்டுப் போனாள்.

இதெல்லாம் கோரக்கண்டன் காதுக்கு எட்டியது. அவன் குகையைவிட்டு இறங்கி வந்தான். "இனி அவள் எதைக் கொண்டுவந்தாலும் மூட்டையின் மேல் ஊதாதே. அவள் மேல் ஊது. கல்லாகட்டும்" என்று கட்டளையிட்டான். அவன் கட்டளையிட்டால் உடும்பின் மூச்சு உடும்பின் வசம் இல்லை.

மூன்றாம் முறை மருதாயி ஒரு கூடை எள்ளுருண்டையோடு வந்தாள். எள்ளையும் கருப்பட்டியையும் இடித்து அவளே உருட்டியது. உடும்பு அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டது. போய்விடு என்று தலையை ஆட்டியது. அவளுக்கு விளங்கவில்லை. கோரக்கண்டன் பாறை மேல் நின்று தன் மந்திரக் கோலை உயர்த்தினான். உடும்பின் வாய் தானாகத் திறந்தது. மூச்சு அவள் காலில் பட்டது. பாதம் கல்லானது. முழங்கால் கல்லானது. கூடை கையிலிருந்து நழுவி, உருண்டைகள் தரையில் ஓடின.

இடுப்புவரை கல்லேறியபோது மருதாயி சொன்னாள்: "உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, உடும்பாரே. சடையனிடம் மட்டும் சொல்லிவிடுங்கள், செக்கை நிறுத்த வேண்டாம் என்று."

உடும்பு தன் காலடியில் கிடந்த எள்ளுருண்டையைப் பார்த்தது. தின்றால் சாவு. தின்னாவிட்டால் அவளுக்குச் சாவு. வாய் திறந்துதான் இருக்கிறது. அது குனிந்து, உருண்டையைக் கவ்வி, மென்று, விழுங்கியது.

சாகவில்லை. கோரக்கண்டன் சொன்னது பச்சைப் பொய். காவல் நிற்பவன் அந்த மண்ணின் உணவைத் தின்றால் அறுவது அவன் உயிர் இல்லை, மந்திரக் கட்டு. கட்டு அறுந்த சத்தம் மலையெல்லாம் கேட்டது. மருதாயியின் கல் உதிர்ந்து சதையானது. உடும்பின் தோல் உரிந்து விழுந்தது. அங்கே மெலிந்த ஒரு மனிதன் முழங்காலிட்டிருந்தான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னே காணாமல்போன கணவாய்க் காவலன் பொறையன் அவன்தான்.

கோரக்கண்டனின் கோல் வெறும் விறகுக் குச்சியாகிவிட்டது. அவன் அதைக் கீழே போட்டுவிட்டு மலைக்கு அப்பால் இறங்கிப் போனான். பிறகு யாரும் அவனைப் பார்க்கவில்லை.

பொறையன் மருதாயியின் காலைத் தொடப் போனான். அவள் தடுத்துவிட்டாள். நாம் இரண்டு பேரும் உயிரோடிருக்கிறோம், அது போதும் அண்ணா என்றாள். நன்றி சொல்ல வாயெடுத்தவன் கண் எள்ளுருண்டைக் கூடை மேல் போனது. கடைசியில் கேட்டே விட்டான்.

"இன்னும் ஒன்று கிடைக்குமா, தாயே?"

கூடையில் மிச்சமிருந்ததை அவன் மடியில் கொட்டிவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் தின்றார்கள்.

கட்டு அறுந்தபின் நெல்லும் போனது, கொள்ளும் போனது. ஆனாலும் செக்கு நிற்கவில்லை. அரசி ஊருக்கொரு செக்கு கொடுத்தாள், பாதையைச் செப்பனிட்டாள், தரிசு உழ மாடுகள் அனுப்பினாள். போய்விடலாம் என்றிருந்தவர்கள் வீட்டுக்குப் புதுக் கூரை வேய்ந்தார்கள். அறுவடை நாளில் அரசியே வந்து, உனக்கென்று என்ன வேண்டும் என்று மருதாயியைக் கேட்டாள். கணவாயில் ஒரு சோற்றுச் சத்திரம் வேண்டும் என்றாள் அவள். பசியோடு எவரும் அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்றாள்.

சத்திரம் எழுந்தது. பொறையன் அதன் பொறுப்பாளன். அறுவடை முடிந்ததும் ஏழுமடையின் ஒவ்வொரு வீடும் முதல் படியை அங்கே கொண்டுபோய்க் கொட்டும். எல்லார் தானியமும் ஒன்றாகக் கலந்து ஒரே பானையில் வேகும். வழிப்போக்கர்கள் வயிறாரத் தின்றுவிட்டு, இது யார் விளைத்தது என்று கேட்பார்கள். பொறையன் கீழே தெரியும் வயல்களையெல்லாம் கையைச் சுழற்றிக் காட்டுவான். அவர்களும் எந்த வயலென்று தெரியாமல், எல்லா வயலையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அவர்கள் கும்பிட்ட வயல்கள் விளைந்தன. விளைந்ததைத் தின்றவர்கள் வாழ்ந்தார்கள். கேட்ட உங்கள் வீட்டுப் பானையும் நிறையட்டும்.