பருத்திப் பெண்டிரும் புலித்தோல் மாப்பிள்ளையும்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை கொஞ்சமும் ஆசை கொள்ளையுமாக இருந்த காலத்தில், ஓர் ஆற்றங்கரை ராஜ்யத்தை இரணசிங்க பூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். மனிதர் நல்லவர்தான், குற்றம் சொல்லக் கூடாது. ஆனால் கடைசியாக யார் காதில் ஓதினார்களோ அவர்கள் சொன்னதே அவருக்கு வேதம். மூத்த ராணி காய்ச்சலில் போனாள். இளைய ராணி அம்மையில் போனாள். ஐம்பது வயதில், முன்பல் இரண்டு ஆட்டம் கண்ட பிறகு, மூன்றாவது கல்யாணத்துக்கு ஆசை வந்தது. பெண் பக்கத்து நாட்டு ராஜாவின் தங்கை. அவளுக்கும் நாற்பது தாண்டிவிட்டது, சம்மதமும் சொல்லிவிட்டாள். ஆகவே நாம் குறுக்கே விழ வேண்டாம்.

நிச்சயதார்த்தத் தாம்பூலத்தோடு ராஜா புறப்பட்ட காலையில், கோட்டை வாசலில் எதிரே ஒரு பெண் வந்தாள். வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி, தலையில் நூல் கூடை. பெயர் பிச்சம்மை. ராஜா அவளைப் பார்த்துக்கொண்டே படி இறங்கியதில் கால் கட்டைவிரல் கல்லில் இடித்துக்கொண்டது. கல்லைப் பார்க்காமல் நடந்தால் கல் என்ன செய்யும், பாவம்! ஆனால் அரண்மனையில் சகுனம் பார்ப்பதற்கென்றே தண்டபாணிப் பண்டிதர் என்று ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்கள்! சகுனத் தடை! எதிரே வந்தவள் விதவை!" என்று அலறினார் பண்டிதர்.

ஊர்வலம் திரும்பியது. ராஜா விரலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு கொலுவில் உட்கார்ந்தார்.

"பண்டிதரே, என் விரலையே நசுக்கும் அளவுக்கு அந்தச் சொல்லில் என்னதான் இருக்கிறது? அதன் பொருள் என்ன? பிறப்பு என்ன?"

இப்படிக் கேட்டால் படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? "தவன் என்றால் கணவன். 'வி' என்றால் இல்லாமை. ஆகவே கணவன் இல்லாதவள்" என்றார் தண்டபாணிப் பண்டிதர். "அது பிற்காலத்தார் கட்டிய கதை. வெறுமை, பிரிவு என்ற பொருளுள்ள பழைய வேரில் பிறந்த சொல்" என்றார் இன்னொருவர். "வடமொழி எதற்கு? கைம்பெண் என்று நம் சொல் இருக்கிறதே. கைம்மை என்றால் தனிமை" என்றார் மூன்றாமவர். "தனிமை இல்லை, சிறுமை!" என்றார் நான்காமவர். கொஞ்ச நேரத்தில் ஒருவர் அங்கவஸ்திரம் இன்னொருவர் கையில் இருந்தது.

அரண்மனை விகடன் குற்றாலன் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பிச்சம்மை வேறு யாருமில்லை, அவனுடைய சொந்த அக்காள். தாய் தகப்பன் இல்லாத அவனை நூல் நூற்றே ஆளாக்கியவள்.

"பிரபு, அடியேனுக்கும் ஒரு சந்தேகம்" என்றான் குற்றாலன். "கணவனை இழந்தவளுக்கு இத்தனை பெயர் இருக்கிறதே, மனைவியை இழந்தவனுக்கு என்ன பெயர்?"

பண்டிதர்கள் விட்டத்தைப் பார்த்தார்கள். வாசற்காவலன் மாடன்தான், தன்னைக் கேட்டதாக நினைத்துக்கொண்டு, ஈட்டியைத் தரையில் தட்டிச் சொன்னான்:

"புது மாப்பிள்ளைங்க, எசமான்!"

சபை குலுங்கியது. வெற்றிலைத் தட்டு ஏந்தியவள் தட்டைக் கீழே போட்டாள். புது மாப்பிள்ளையான ராஜாவின் முகம் மட்டும் செங்கல் நிறமாகிவிட்டது. தண்டபாணிப் பண்டிதருக்கு இது போதாதா? குற்றாலன் பெயரைச் சொன்னாலே அவருக்கு வயிற்றெரிச்சல். ராஜாவின் காதோரம் போய்க் குனிந்தார்.

"கல்யாணம் முடிந்து நாற்பத்தெட்டு நாள் வரை விதவைகள் எல்லாரையும் ஆற்றுக்கு அக்கரையில் வைத்துவிடுவோம், மகாராஜா. அந்த வேலையைக் குற்றாலனே செய்யட்டும். முகூர்த்தத்துக்குள் செய்து முடிக்காவிட்டால் அவனும் அக்கரைக்குப் போகட்டும், திரும்பி வராமல்."

கடைசியாக ஓதியவர் பண்டிதர். ராஜா தலையாட்டிவிட்டார்.

குற்றாலன் வீட்டுக்குப் போனபோது பிச்சம்மை ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏலே, மொகம் ஏன் இப்படித் தொங்குது? ராசா ஏசுனாரா?"

அவன் சொன்னான். ராட்டினம் நின்றது.

"அக்கரையில இடிஞ்ச மண்டபம் ஒண்ணுதானலே இருக்கு! ஐப்பசி அடைமழையில முந்நூறு பேரு எங்க ஒடுங்குறது? பாதிப் பேருக்குக் கண்ணே தெரியாது. நாப்பத்தெட்டு நாளு கழிச்சு எத்தன பேரு திரும்பி வருவோம்?"

"அக்கா, உன்னை நான் அனுப்புவேனா? நானும் கூட வந்துவிடுகிறேன்."

"நீ வந்தா மழ நின்னுருமா? போலே கூறு கெட்டவனே." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தச் சொல்லுக்கு அர்த்தம் பண்டிதருக்கு என்ன தெரியும்? எங்கிட்டக் கேக்கச் சொல்லு. ஒங்க அத்தான் சாவுற வரைக்கும் நான் பிச்சம்மை. பதினாறு கழிஞ்ச மறுநா கெணத்தடியில ஒருத்தி அந்தச் சொல்லச் சொல்லி, 'வாரா, தள்ளி நில்லுங்க'ன்னா. அன்னியோட எம்பேரு போச்சு. நீ அக்கான்னு கூப்பிடுத. ஊருக்கு நான் அந்தச் சொல்லுதான். இருவது வருசமா எவரும் என்னப் பேரு சொல்லிக் கூப்பிடலலே."

சிரிக்க வைத்தே பிழைத்த குற்றாலனுக்கு அழத் தெரியவில்லை.

"எங்க மாமியா சொல்லுவா," என்றாள் அவளே மறுபடி. "ரொம்பப் பழைய காலத்துல நம்மளப் பருத்திப் பெண்டுகன்னு சொல்லுவாகளாம். நூல் நூத்துக் கஞ்சி குடிச்சதால. அந்தப் பேரு எவ்வளவோ தேவலலே. இன்னைக்கும் நம்ம கை படாத ஒரு முழத் துணி இந்த ஊருல உண்டா?"

குற்றாலன் எழுந்தான். போட்ட சோற்றைக்கூடத் தொடாமல் அரண்மனைக்கு ஓடினான்.

"பிரபு, கட்டளையில் ஒரு சின்ன விளக்கம் வேண்டும். ஆட்களை மட்டும் அனுப்பினால் போதுமா? அவர்கள் கை பட்ட பொருள்களை என்ன செய்வது?"

அக்காள் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்று நினைத்தார் பண்டிதர். விடுவாரா?

"கை பட்டதெல்லாம் தீட்டு! ஒரு துரும்பு மிஞ்சக் கூடாது!"

"எந்த வீடு என்று வித்தியாசம் பார்க்கலாமா, ஐயா?"

"பார்க்கக் கூடாது!"

"அப்படியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். எது எது என்று அந்தப் பெண்கள்தானே அடையாளம் சொல்ல வேண்டும்? ஆகவே பொருள் முதலில், ஆள் பிறகு."

பண்டிதர் எழுதினார். ராஜா முத்திரை குத்தினார். குற்றாலன் ஓலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

முகூர்த்த நாள் விடிந்தது. பெண் வீட்டார் ஊர் எல்லையில் கூடாரம் போட்டுக் காத்திருந்தார்கள். ராஜா எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தபோது, அரண்மனை வாசலில் பத்து மாட்டு வண்டி வந்து நின்றது. முன்னால் குற்றாலன், பின்னால் முந்நூறு வெள்ளைப் புடவைகள். முத்திரை ஓலையைப் பார்த்ததும் காவலர்கள் வழிவிட்டார்கள்.

"சொல்லுங்கள் தாய்மாரே, எது எது உங்கள் கை பட்டது?"

"இந்தத் திரைச்சீலை நான் நூத்தது" என்றாள் ஒருத்தி. திரைச்சீலை வண்டிக்குப் போனது. "அந்த மெத்தைக்குப் பஞ்சு நான் கொட்டினது." மெத்தை போனது. குத்துவிளக்குத் திரி போனது. யானையின் முகபடாம் போனது. யானை வெட்கப்பட்டதா என்று எனக்குத் தெரியாது. கோபுரம் மாதிரிக் கட்டி வைத்த பூமாலையெல்லாம் நாரை உருவியதும் உதிர்ந்து விழுந்தது, நார் கிழித்தவள் ஒரு விதவை. கொடிமரத்தில் கொடி இறங்கியது. சமையல்கட்டில் அரிசி மூட்டை நகர்ந்தது, நெல் குத்தியவர்கள் வரிசையாக நின்று சிரித்தார்கள். அப்பளக் கூடையைத் தூக்கும்போது சமையல்காரர் அழுதேவிட்டார்.

"பாவி! இது என்ன அக்கிரமம்!" என்று ஓடிவந்தார் பண்டிதர்.

"ஐயா கட்டியிருப்பது?" என்று குற்றாலன் கேட்டான்.

"என் நூலு" என்றாள் பல்லில்லாத ஒரு பாட்டி.

அவ்வளவுதான். பண்டிதர் தூணுக்குப் பின்னால் வாழையிலையோடு நின்றார். பந்திக்கு வந்த இலை, நல்ல அகலம்.

குளியலறையிலிருந்து சத்தம் வந்தது. "யாரங்கே! என் வேட்டி எங்கே?"

"வண்டியில் இருக்கிறது, பிரபு."

"பட்டு கொண்டுவா!"

"பட்டு நூல் இழைத்தது மேலத்தெரு அம்மாள், பிரபு. அவர் கணவர் காலமாகி ஒன்பது வருஷம்."

கடைசியில் சிம்மாசனத்தில் விரித்திருந்த புலித்தோல் ஒன்றுதான் மிஞ்சியது. அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு, வாலைக் கையில் பிடித்தபடி, புது மாப்பிள்ளை வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது.

"குற்றாலா! முகூர்த்தத்துக்கு இரண்டு நாழிகை இருக்கிறது. தாலி எங்கே?"

"தங்கம் பத்திரமாக இருக்கிறது, பிரபு. கயிறுதான் போய்விட்டது. அது என் அக்காள் திரித்த கயிறு."

"அரண்மனையைத் துடைத்துவிட்டாயே! இன்னும் ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறாயா?"

"ஒன்றே ஒன்று பாக்கி, பிரபு. கட்டளைப்படி அதையும் அக்கரை சேர்க்க வேண்டும். தூக்கத்தான் கை வரவில்லை."

"என்ன அது?"

"வாசலுக்கு வந்து பார்க்க வேண்டும்."

வாசலில் இரண்டு பல்லக்குகள் நின்றன. ஒன்றில், வெள்ளைப் புடவையில், மடியில் சின்ன மூட்டையோடு உட்கார்ந்திருந்தார் பெரிய நாச்சியார், ராஜாவைப் பெற்ற தாய். மகனுடைய இரண்டு கல்யாணத்துக்கும் முன்கட்டுக்கு வராதவர்.

"அம்மா! நீங்கள் ஏன் இதில்?"

"கட்டளைன்னா எல்லாருக்கும்தானப்பா" என்றார் நாச்சியார். "எனக்கு அந்தச் சொல் வந்து நாற்பத்தேழு வருஷமாச்சு. அரண்மனையில யாரும் வாய்விட்டுச் சொல்லலே, அவ்வளவுதான்."

ராஜா அம்மாவை அம்மா என்று நினைத்தாரே தவிர, அந்தச் சொல்லுக்குள் ஒரு நாளும் வைத்துப் பார்த்ததில்லை.

"இந்த இரண்டாவது பல்லக்கு யாருக்கு?" என்று மெல்லக் கேட்டார்.

குற்றாலன் கைகட்டி நின்றான். "தந்தையார் போர்க்களத்தில் விழுந்தபோது தங்களுக்கு மூன்று வயது. அன்று முதல் தங்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைத்தது எந்தக் கை, பிரபு? கை பட்டதெல்லாம் என்று எழுதியிருக்கிறது. ஒரு துரும்பும் மிஞ்சக் கூடாதாம்."

நாச்சியார் மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "ஏறிக்கோ ராசா. ஆத்துல தண்ணி அதிகம். கையப் பிடிச்சுக்கோ, சின்னதுல பிடிச்ச மாதிரி."

ராஜா தாயைப் பார்த்தார். முந்நூறு பெண்களைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் புலித்தோலைப் பார்த்தார். முதலில் கண்தான் கலங்கியது. அப்புறம் வயிறு குலுங்க ஆரம்பித்தது. தோள் குலுங்க, ஆட்டம் கண்ட பல் ஆட, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூடவே நாச்சியார் சிரித்தார். அந்த முந்நூறு பேரும் சேர்ந்து சிரித்த சத்தம் எல்லைக் கூடாரம் வரை கேட்டதாம்.

ஓலை அங்கேயே கிழிந்தது. வண்டியிலிருந்த சாமானெல்லாம் உள்ளே திரும்பியது. பண்டிதர்தான் இறக்கி வைத்தார், வாழையிலையோடு.

"குற்றாலா, என்ன பரிசு வேண்டும்? பாதி ராஜ்யமா?"

"புலித்தோல் போதும், பிரபு. அடுத்த முறை எந்த மாப்பிள்ளைக்காவது இப்படி யோசனை வந்தால், கட்டிக்கொள்ள என்னிடம் ஒன்று இருக்கட்டும்."

ராஜா வேட்டிக்கு மாறி வந்து தோலையும் கொடுத்தார், கழுத்து முத்துமாலையையும் கழற்றிக் கொடுத்தார். பிறகு, தாலிக் கயிற்றோடு தயங்கி நின்றவளிடம் போனார். நிச்சயதார்த்தத்தன்று அவர் விரலை நசுக்கியதாகப் பழி சுமந்தவள் அவள்தான்.

"அம்மணி, பண்டிதர்கள் சொன்ன பெயர் எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. உங்களையெல்லாம் இனி என்ன சொல்லி அழைப்பது?"

"எனக்குப் பேரு இருக்குங்க, மகாராசா" என்றாள் அவள். "பிச்சம்மை."

"பிச்சம்மை, அந்தக் கயிற்றைக் கொடு" என்றார் ராஜா.

இருபது வருஷத்துக்குப் பிறகு தன் பெயரைப் பிறர் வாயில் கேட்ட பிச்சம்மை கயிற்றை அவர் கையில் வைத்தாள். வைத்துவிட்டு, அவள் ஒதுங்கிப் போகாமல் அங்கேயே நின்றாள். பெரிய நாச்சியார் முன்னால் நடக்க, முந்நூறு பேர் சூழ, ராஜா வாசலைத் தாண்டினார். மாடன் ஈட்டியைத் தட்டி உரக்கக் கூவினான்:

"புது மாப்பிள்ளை வாராரு, கல்லப் பாத்து நடங்க எசமான்!"