மரகதம் அறுத்துவிட்ட நூல்

ஓடைக்கரைக் காட்டில் மரகதம் என்ற குக்குறுவான் பறவை இருந்தாள். பட்ட கிளையைக் குடைந்து, மற்றவர்களுக்குப் பொந்து செய்து கொடுப்பது அவள் தொழில். மரங்கொத்தி செவ்வந்திக்கும் அதே தொழில். அதனால் செவ்வந்தியின் 'டொக் டொக்' சத்தம் கேட்டாலே மரகதத்துக்கு வயிறு எரியும்.

அந்தக் காட்டில் ஒருவரைத் தேடிப் போக இரண்டு வழிகள் இருந்தன. ஓடையின் இக்கரையில் சிலந்தி வலை. பெயரைச் சொன்னால் சிலந்தி ஒரு நூலைச் சுண்டும். அதன் வழியே போனால் அவர் வீடு வந்துவிடும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பங்குனி முடிவதற்குள் நூலைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் அந்தப் பெயரை வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

அக்கரையில் எறும்புச் சங்கிலி. அது புதிதாக வந்த வழி. அதற்குத் தலைவர் கிடையாது. ஓர் எறும்பிடம் பெயரைச் சொன்னால் எல்லா எறும்புகளும் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு பெயருக்கு உரியவரைத் தவிர யார் கெஞ்சினாலும் மாற்றாது.

செவ்வந்தி இரண்டு இடங்களிலும் ஒரே பெயரைப் பதிந்திருந்தாள். எந்தக் கரையில் நின்று "செவ்வந்தி" என்றாலும் அவளுடைய இலுப்பை மரத்துக்கே வழி கிடைத்தது. மரகதமோ, புது வழிக்குப் பகட்டான பெயர் வேண்டுமென்று அக்கரையில் 'குக்குறு ராணி' ஆகியிருந்தாள். இக்கரையில் மரகதம் வாங்கிய நல்ல பேர் அக்கரைக் குக்குறு ராணிக்குப் போய்ச் சேரவே இல்லை.

"எறும்பு தின்கிற இனம் அவள்! அவளை எறும்புகளே நம்புகின்றன. பழம் தின்கிற என்னை ஒருத்தரும் தேடுவதில்லையே!" என்று மரகதம் புழுங்கினாள்.

அந்தக் கோடையில் காடு முழுக்கக் காய்ந்து கிடந்தது. பழுத்திருந்தது ஓர் அத்திமரம் மட்டுமே. அதுவும் அக்கரைக் கிளிகளின் காவலில் இருந்தது. குடியிருந்த மரம் காற்றில் சாய்ந்துவிட, கிளிகள் புதுப் பொந்து தேடின. "நல்ல பொந்து செய்து தருபவருக்குக் கோடை முழுக்க அத்திப்பழம்!" என்று கூவின.

மரகதத்துக்கு நாக்கில் நீர் ஊறியது. அந்தப் பழம் கிடைக்காவிட்டால் கோடையைத் தாண்ட முடியாது என்ற பயமும் பிடித்துக்கொண்டது. இதுவும் செவ்வந்திக்குத்தானே போகும்?

நேராகச் சிலந்தியிடம் பறந்தாள்.

"அக்கா, செவ்வந்தி நூலைப் புதுப்பித்துவிட்டாளா?"

"இல்லையடி. அடைகாக்கிறாள், மறந்துபோனாள் போலிருக்கு. கெடு நேற்றோடு முடிந்தது."

"அப்படியானால் அந்தப் பெயரை எனக்குக் கொடு!"

"ஒரு கூட்டுக்கு ஒரு நூல்தான். உன் பெயரை என்ன செய்வது?"

"அதை வைத்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது? அறுத்துவிடு!"

சிலந்தி அறுத்தது. செவ்வந்தியின் நூல் மரகதத்தின் ஒதிய மரத்துக்கு மாறியது.

சிறிது நேரத்தில் ஓர் அணில் அந்த நூல் வழியே ஓடி வந்தது.

"செவ்வந்தி அக்கா நீங்கதானா? மரங்கொத்தி என்றார்களே! நீங்க பச்சையா இருக்கீங்க?"

"நெற்றியைப் பார்! சிவப்பு தெரியவில்லை? பொந்து வேண்டுமா, வம்பு வேண்டுமா?"

"பொந்துதான், அக்கா!"

மரகதம் பட்ட முருங்கைக் கிளையில் உயிரைக் கொடுத்து வேலை செய்தாள். வாசல் வட்டமாக, வழவழவென்று அமைந்தது. மகிழ்ந்துபோன அணில், "செவ்வந்தி அக்காவைப் போல உண்டா!" என்று காடெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடியது.

அதைக் கேட்டுக் கிளிகள் வந்து அந்தப் பொந்தைப் பார்த்தன. பிறகு அக்கரைக்குத் திரும்பி எறும்புகளிடம், "செவ்வந்தி எங்கே?" என்று கேட்டன. எறும்புகள் இலுப்பை மரத்தைக் காட்டின. பதறிப்போன மரகதம் பின்னாலேயே பறந்து போய் இலைகளுக்குள் ஒளிந்துகொண்டாள்.

"முருங்கைக் கிளையில் என்ன அழகான பொந்து! உள்ளே என்ன குளிர்ச்சி! எங்கள் வேலையும் உங்களுக்குத்தான், அம்மா!" என்றது மூத்த கிளி.

'குடைந்தது நான், பாராட்டு அவளுக்கா?' என்று மரகதம் பக்கத்து இலையைக் கொத்திக் கிழித்தாள்.

செவ்வந்தி முட்டைகளை விட்டு எழாமலே சொன்னாள். "அது என் அலகு வேலை இல்லை. நான் உறுதியான மரத்தில் கொத்துகிறவள். பட்ட கிளையில் அப்படி இழைக்க மரகதத்தால்தான் முடியும். அவளைத் தேடிப் போங்கள்."

கிளிகள் எறும்புகளிடம் கேட்டன. "மரகதமா? அப்படி யாரும் எங்களிடம் இல்லை." ஓடையைத் தாண்டிச் சிலந்தியிடம் கேட்டன. "இருந்தாள். இப்போது அந்தப் பெயரில் நூல் இல்லை."

மரகதம் பாய்ந்து வந்தாள். "நான்தான் மரகதம்! அந்தப் பொந்தைச் செய்தது நான்தான்!"

"உன் கூடு எது?"

"அதோ, அந்த ஒதிய மரம்!"

சிலந்தி நூலைச் சுண்டியது. "அந்த மரத்தில் இருப்பது செவ்வந்தி."

மூத்த கிளி கழுத்தைச் சாய்த்து அவளைப் பார்த்தது. "செவ்வந்தியை இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறோம். அணிலிடம் ஒரு பெயர், எங்களிடம் ஒரு பெயர். நாளைக்கு எங்கள் முட்டை இருக்கும் பொந்துக்கு எந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவாய்?"

கிளிகள் இலுப்பை மரத்துக்கே திரும்பிப் பறந்தன.

குஞ்சுகள் பொரிந்ததும் செவ்வந்தி கிளிகளுக்குப் பொந்து செய்து கொடுத்தாள். கோடை முழுக்க அத்திமரத்தில் அமர்ந்தாள். பழத்தைப் பிட்டு, உள்ளே இருந்த புழுவை மட்டும் தின்றுவிட்டுப் பழத்தைக் கீழே போட்டாள். ஒதிய மரத்திலிருந்து மரகதம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், காய்ந்த தொண்டையோடு.

பொறாமையால் பிறர் பெயரைப் பறிப்பவர், தம் உழைப்பால் வந்த பெயரையும் சேர்த்தே இழப்பார்.