தேதி வெட்டிய நாற்பது அட்டை

அன்று இலவச மருத்துவ முகாமில் இருந்தவர்கள் மருந்துக்கடை முதலாளி குலசேகரன், அவர் கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் செண்பகவல்லி, மருந்து ஆய்வாளர், வரிசையில் அறுபத்திரண்டு நோயாளிகள்.

முதலாளி நன்கொடையாகத் தந்த, பத்து மாத்திரை கொண்ட நாற்பது அட்டைகளும் காலாவதியானவை. தேதி அச்சிட்ட முனையை அவரே இரண்டு மாத்திரையோடு வெட்டி எறிந்திருந்தார்.

"வாயைத் திறக்காமக் கொடு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே" என்று செண்பகவல்லியிடம் உறுமினார்.

ஆய்வாளர் ஓர் அட்டையை எடுத்தார். "எட்டுதானே இருக்கு?"

"ரெண்டு ரெண்டா சில்லறைக்கு வித்தது சார்" என்றார் முதலாளி.

செண்பகவல்லி பணிவாகக் கேட்டாள்: "முதலாளி, தேதி கடைசிவரை தெரியணும்னு மறுமுனையிலிருந்துதானே வெட்டிக் கொடுப்போம்? தேதிப் பக்கந்தான் வேணும்னு வாங்கிப்போன அந்த நாற்பது பேர் யாருங்க?"

ஆய்வாளர் எல்லாவற்றையும் எண்ணிச் சீல் வைத்தார். யார் வயிற்றுக்கும் போகாமல் மிஞ்சியவை முந்நூற்றிருபது மாத்திரைகள்.