அழியாத பழைய எண்

காணாமல் போனவர்களைத் தேடித்தரும் அலுவலகம் அது. பழைய கணினியிலிருந்த விவரங்களைப் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தாள் தற்காலிக ஊழியர் பிரிசில்லா.

“காணாமப்போன ஒவ்வொருத்தருக்கும் புது கம்ப்யூட்டரே ஒரு எண் கொடுத்துடும். பழைய எண்ணையெல்லாம் அழிச்சிடு,” என்றார் அதிகாரி மகிபாலன்.

“வீட்டுக்காரங்களுக்குப் பழைய எண்தானே சார் தெரியும்?”

“சொன்னதைச் செய்!”

“சரி சார். அப்படியே உங்க போன் நம்பரையும் மாத்திடலாமா? அதுவும் பழசுதானே.”

“ஐயோ, வேண்டாம்! கோவிச்சிட்டுப் போன என் மகனுக்கு அந்த நம்பர் மட்டும்தான் தெரியும். என்னைக்காவது கூப்பிடுவான்...” என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாக, “ரெண்டு எண்ணும் இருக்கட்டும்மா,” என்றார்.

மாலையில் ஒரு தாய் அழைத்து, காணாமல் போன தன் மகனுக்கு அலுவலகம் தந்திருந்த பழைய எண்ணைச் சொன்னார். பையனின் படம் திரையில் வந்தது. மகிபாலனே பேசினார்.

“இன்னும் தகவல் இல்லைம்மா. நாளைக்கும் கூப்பிடுங்க.”